போகிக்கு முந்தைய ஞாயிறு: பழைய படங்களுக்கு ஸ்கேன் முகாம் நடத்துவது எப்படி?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஊர் வரலாற்று மன்றம் நடத்துகிறவர்கள் குளிர்கால நிகழ்ச்சிகளுக்குத் தேதி குறிக்கும் முன் மழையைப் பார்க்க வேண்டும். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. ஆகவே கார்த்திகை, மார்கழியில் கூரைக்குக் கீழ் நடப்பவற்றை மட்டும் வையுங்கள். அரிக்கமேடு, தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைப் பகுதி என்று வெளியே நடப்பதெல்லாம் பொங்கலுக்குப் பிறகு. அதிலும் தை 5 வேண்டாம்; ஆற்றுத் திருவிழாவுக்குத் தென்பெண்ணைக் கரைக்கு ஊரே போய்விடும்.

ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் ஆளும் பணமும் இருக்கிறது என்றால், போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் முகாம் போடுங்கள். வீட்டுப் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும் வாரம் அது. ஆல்பம், பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் வெளியே வரும்; பாதி நெருப்புக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போய்விடும். நோட்டீஸில் இதையே எழுதுங்கள்: “எரிக்கும் முன், எடைக்குப் போடும் முன் எங்களிடம் காட்டுங்கள். ஸ்கேன் செய்து அன்றே திருப்பித் தருகிறோம்.”

ஆளும் மேசையும்

முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்ய ஒரு படத்துக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 20 படம். காலை 9:30 முதல் மதியம் 2:30 வரை ஒரு ஸ்கேனருக்கு 100 படம்தான். எனவே ஒரு குடும்பத்துக்கு 10 படம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விவரம் கேட்டு எழுத ஒரு படத்துக்கு 5, 6 நிமிடம் ஆகும். ஒரு ஸ்கேனருக்கு இரண்டு எழுத்து மேசை போட்டால்தான் வரிசை நகரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஸ்கேனரை இரண்டாக்கி எழுத ஒருவரை உட்கார வைக்கிறார்கள். மாலையில் கோப்புகள் மலைபோல் இருக்கும். யார் எவர் என்று ஒன்றிலும் தெரியாது.

எந்த ஸ்கேனர்?

யுஎஸ்பி ஒயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய ஸ்கேனர்கள் (கேனன் லைடு போன்றவை) தாள்களுக்கு நல்லவை. கரண்ட் போனாலும் லேப்டாப்பில் ஓடும். ஆனால் அவற்றின் சிஐஎஸ் சென்சார் கண்ணாடியை ஒட்டிக் கிடப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். மழைக்காலம் முடிந்து வரும் படங்கள் ஓரம் வளைந்திருக்கும். மேலே தூக்கிய பகுதி மங்கிவிடும். மூடியை அழுத்திச் சமன் செய்யாதீர்கள், மேல்பூச்சு விரிசல் விடும். வளைந்த படம், அட்டையில் ஒட்டிய ஸ்டுடியோ படம், நெகட்டிவ் இவற்றுக்கு எப்சன் வி600 போன்ற சிசிடி ஸ்கேனரை (கண்ணாடியிலிருந்து சற்றுத் தூக்கியிருப்பதையும் தெளிவாகப் பார்க்கும் சென்சார் உள்ளது) இரவல் வாங்கியாவது கொண்டு வாருங்கள்.

சாதாரண அளவுப் படம் 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படம் 1200, தாள்கள் 300 அல்லது 400. கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பேறிய நிறமும் மை எழுத்தும் அதில்தான் பதியும். தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் சேமியுங்கள். 6×4 அங்குலப் படம் 600 டிபிஐ-யில் சுமார் 26 எம்பி வரும், அதற்கேற்ற ஹார்டு டிஸ்க் வேண்டும். தூசு நீக்கம், தானியங்கிக் கூர்மை இரண்டையும் அணைத்துவிடுங்கள். திருத்த வேண்டியதைப் பிறகு நகலில் திருத்தலாம்.

எண் போடுவது: முகாம் கெடுவது இங்கேதான்

படம், கோப்பு, விவரத்தாள் மூன்றுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். ஸ்கேனர் தானாகப் போடும் வரிசை எண்ணை நம்பினால், ஒரு படத்தை மறுபடி ஸ்கேன் செய்த நொடியில் பின்னால் வரும் அத்தனையும் ஓர் எண் தள்ளிப்போகும்.

வரவேற்பு மேசையிலேயே ஒவ்வொரு படத்தையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். உறையில் 0147, விவரத்தாளில் 0147, ஒரு துண்டுச் சீட்டிலும் 0147. அந்தச் சீட்டைப் படத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கண்ணாடியில் வைத்து, படத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். எண் படத்துக்குள்ளேயே இருப்பதால் கோப்பின் பெயர் குழம்பினாலும் மீட்டுவிடலாம். கோப்புப் பெயர் முன்பக்கத்துக்கு 0147-1, பின்பக்கத்துக்கு 0147-2. குடும்பப் பெயரைக் கோப்பில் எழுத வேண்டாம். படத்தின் முதுகில் பால்பாயின்ட் பேனா, ஸ்டிக்கர் எதுவும் கூடாது.

விவரம் கேட்பது

படத்தில் இருப்பவர்களைப் பார்ப்பவரின் இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் உறவுமுறை கேட்க வேண்டும். “பெரியம்மா” என்று சொன்னால் போதாது. யாருக்குப் பெரியம்மா, பெயர் என்ன என்று கேளுங்கள்.

ஆண்டு கேட்டால் பெரியவர்கள் தயங்குவார்கள். “பிரெஞ்சுக்காரன் போனதுக்கு முன்னாடியா, அப்புறமா ஐயா?” என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அது 1954 நவம்பர் 1. இங்கே பலருக்கும் உதவும் மற்ற எல்லைக்கோடுகள்: 1957-இல் நயா பைசா, 1993-இல் தென் ஆற்காடு மாவட்டம் பிரிந்தது, 2004 சுனாமி. படத்தின் முதுகில் இருக்கும் ஸ்டுடியோ முத்திரையையும் பாருங்கள். அதில் 607001 அல்லது 605001 இருந்தால் முத்திரை குத்தியது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. அஞ்சல் குறியீட்டு எண் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

சம்மதத்தாளில் மூன்று கட்டம் போதும்: பாதுகாக்க மட்டும், கண்காட்சியில் வைக்க, இணையத்தில் போட. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கையெழுத்து. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பங்களின் பென்ஷன் தாள்கள், பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவுகள் வந்தால் முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடக்கூடாதவை

ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிரிக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃப்ளாஷ் இல்லாமல், இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து அப்படியே படம் எடுங்கள். பூஞ்சை படர்ந்ததை ஈரத்துணியால் துடைக்காமல் தனி உறையில் போட்டுக் கடைசியில் ஸ்கேன் செய்து, கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். காடி (வினிகர்) வாடை அடிக்கும் நெகட்டிவ் சிதையத் தொடங்கியிருக்கிறது; மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். எதையும் லேமினேட் செய்யச் சொல்லாதீர்கள்.

ஓலைச்சுவடி வந்தால் ஸ்கேனரில் வைக்க வேண்டாம், எண்ணெய் பூசவும் வேண்டாம். புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைக் கேளுங்கள். புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

பின்சேர்க்கை

“வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளலாமே?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், முதுகுப்பக்கமும் வராது. வெளிநாட்டில் இருப்பவர்கள் மட்டும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பட்டும். முகாமுக்கு வந்தவர்களுக்கு அவர்கள் படத்தின் ஜேபெக் நகலையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். அவர்கள் கொண்டுவரும் பென் டிரைவை முகாம் லேப்டாப்பில் செருக வேண்டாம்.

காப்பு நகல் மூன்று வேண்டும். மூன்றும் கடற்கரையோர வீடுகளில் இருக்கக் கூடாது. ஒன்றாவது நெய்வேலி, விழுப்புரம் போல உள்ளே தள்ளி இருக்கட்டும்.