1935-ஆம் வருஷத்து லண்டன் ரேடியோவை ஒரு நாள் முழுக்க வீட்டில் கேட்பது எப்படி

தக்கலையில் 30 வருஷத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் நான். கடையை மூடும்போது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன், டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழல்களால் ஓடும் ஒரு மர்பி வால்வு செட்டைத் தவிர. அப்பா பிறந்தது 1935-இல். அந்த வருஷத்தில் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுத்து, அன்று லண்டனில் ரேடியோ எப்படி ஓடியிருக்கும் என்று வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டில் ஓட்டிப் பார்க்கிறோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் நிகழ்ச்சி நிரல் வேண்டும். பிபிசி 1923 முதலே ரேடியோ டைம்ஸ் என்ற வாரப் பத்திரிகையை வெளியிட்டு வந்தது. விலை 2 பென்ஸ். அந்தப் பழைய நிரல்களை ஜீனோம் என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். தேதியைக் கொடுத்தால் அன்றைய நிகழ்ச்சிகள் நேரத்தோடு வரும். அதைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி, ரேடியோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். வீட்டில் எல்லோர் கண்ணிலும் அந்தத் தாள் பட வேண்டும்.

முதல் தடவைக்குத் திங்கள் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளை எடுங்கள். அப்போது பிபிசியை நடத்திய ஜான் ரெய்த், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் கனமான விஷயங்களுக்கும் உரியது என்று உறுதியாக இருந்தவர். அன்றைக்கு நடன இசைக்கே இடமில்லை. அதனால் அங்குள்ள ஜனங்கள் ஞாயிறுதோறும் ரேடியோ லக்சம்பர்க்குக்கும் பிரெஞ்சுக் கரையிலிருந்து வந்த ரேடியோ நார்மண்டிக்கும் முள்ளைத் திருப்பினார்கள். அங்கே விளம்பரமும் பாட்டுமாக ஓடும். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான்.

அடுத்தது ஒலி. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நாளின் முழு ஒலிபரப்பும் எங்கும் கிடைக்காது. பெரும்பாலும் நேரடியாகப் பாடி, பேசி, அப்படியே காற்றில் போனவை. அமெரிக்காவில் ஒரு நிலையத்தின் 1939 செப்டம்பர் 21-ஆம் தேதி ஒலிபரப்பு முழுசாகப் பதிவாகி இருக்கிறது. பிரிட்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் அதே இசைக்குழுக்கள் அதே வருஷங்களில் வெளியிட்ட கிராமபோன் தட்டுகள் ஏராளம். குழுத் தலைவர்கள் ஹென்றி ஹால், ஆம்புரோஸ், லியூ ஸ்டோன், பாடகர் ஆல் போலி என்று தேடினால் போதும். தட்டின் ஒரு பக்கம் 3 நிமிஷம்தான். அரைமணி நிகழ்ச்சிக்கு 8 பாட்டு எடுத்து, நடுவே நீங்களே அறிவிப்பு வாசியுங்கள். அறிவிப்பாளர் பெயர் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. முகம் தெரியாத ரேடியோவிலும் மாலையில் அவர் விருந்துக்கான கோட் அணிந்துதான் மைக் முன் உட்காருவார். நானும் அன்றைக்குச் சலவை வேட்டி கட்டிக்கொள்வேன். குரல் தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

இனி செட். உங்கள் வீட்டுப் பரணில் வால்வு ரேடியோ இருந்தால், எடுத்தவுடன் பிளக்கில் சொருகாதீர்கள். வருஷக்கணக்கில் ஓடாத செட்டில், கரண்டைத் தேக்கிவைக்கும் கண்டென்சர் கெட்டிருக்கும். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு, அதாவது பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி, கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நிறுத்திவிட்டு வால்வு வேலை தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். செட்டுக்குப் பின்னால் கிராமபோன் மாட்டுவதற்கு இரண்டு துளை இருக்கும், பிக்கப் என்று சொல்வோம். போனில் சொருகும் ஹெட்போன் பிளக்கிலிருந்து வரும் இடது, வலது ஒயர்களில் ஆளுக்கு ஒரு 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒன்றாகச் சேர்த்து ஒரு துளைக்கும், அதே பிளக்கின் எர்த் ஒயரை மற்றதுக்கும் கொடுங்கள்.

ஆனால் பவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி-டிசி செட்டில் இதைச் செய்யவே கூடாது. அதில் சேசிஸிலேயே, அதாவது உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே, மெயின் கரண்ட் நிற்கும், ஒயர் வழியாகப் போனுக்கும் பிடித்திருக்கும் கைக்கும் வந்துவிடும். எந்த வகை என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கரை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து முன்னால் துணி கட்டினாலே பாதி காரியம் நடந்துவிடும். ஒரே ஸ்பீக்கர் போதும்.

நேரத்தை நம் கடிகாரப்படியே வையுங்கள், ஐந்தரை மணி வித்தியாசக் கணக்கு வேண்டாம். காலை 10.15-க்கு ஜெபம், கால் மணி நேரம். 10.30-க்குக் கப்பல்களுக்கான வானிலை. குளச்சலிலிருந்து வந்த என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு, "அங்கயும் கடலுக்குப் போறவனுக்குத்தான் முதல்ல சொல்லுகானா" என்று உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் சினிமா கொட்டகை ஆர்கன் இசை. மாலை 5.15-க்கு பிபிசியின் நேஷனல் அலைவரிசையில் ஹென்றி ஹாலின் நடன இசை, அதே நேரத்தில் ரீஜனல் அலைவரிசையில் குழந்தைகள் நேரம். வீட்டில் ஒரு செட்தான், எதைக் கேட்பது என்று பேசி முடிவு பண்ணுங்கள். செய்தி 6 மணிக்கு முன் கிடையாது, பத்திரிகைகளோடு பிபிசி செய்துகொண்ட ஏற்பாடு அது. ராத்திரி கச்சேரி, நாடகம். 10.30-க்கு மேல் லண்டன் ஓட்டல்களிலிருந்து நடன இசை, 12 மணி வரை.

இதில் நான் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வது, இடைவெளியை நிரப்பாதீர்கள். ஒரு நிகழ்ச்சி முன்னதாக முடிந்தால் பிபிசி கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தை விட்டுவைக்கும். சுவர்க் கடிகாரத்தை ரேடியோ பக்கத்தில் மாட்டுங்கள். முதல் வருஷம் பேத்தி, "பாட்டா, அடுத்த பாட்டைப் போடுங்க" என்று நச்சரித்தாள். 5.15-க்குத்தான் என்று தாளைக் காட்டினேன். 5 மணிக்கே பாய் விரித்து, பழம்பொரித் தட்டோடு வந்து உட்கார்ந்தவள், வால்வு சூடாகிச் சத்தம் வரும் அந்த அரை நிமிஷம் மூச்சுவிடாமல் டயல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் அவள் எந்தப் பாட்டையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கரண்ட் போனால் போகட்டும். அந்த நாளில் பிரிட்டன் கிராமங்களில் பல வீட்டுக்குக் கரண்டே கிடையாது. 2 வோல்ட் ஆசிட் பேட்டரியைக் கண்ணாடி ஜாடியோடு தூக்கிக்கொண்டு சார்ஜ் போடக் கடைக்குப் போனார்கள். அது தீர்ந்துவிடக் கூடாது என்று நிகழ்ச்சியைப் பொறுக்கித்தான் கேட்டார்கள்.

12 மணிக்கு அணைத்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பின்மூடியைத் திறந்து உள்ளே கையை விடாதீர்கள், கண்டென்சரில் கரண்ட் நிற்கும். வால்வு நன்றாக ஆறிய பிறகு மேலே பூத்தையல் துணியைப் போடுங்கள்.