ஸ்ட்ராபெரி நடும்போது குருத்தைப் புதைக்காதீர்கள்
தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் ஸ்ட்ராபெரி நாற்றுகளை, கோடை மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் நட்டால், வேர் நன்றாக ஊன்றி, வசந்த காலத்தில் காய் பிடிக்கும். இலைகள் கிளம்பும் குருத்துப் பகுதி மண்மட்டத்தோடு சரியாக நிற்க வேண்டும். புதைந்தால் அழுகிவிடும், தூக்கி நின்றால் வேர் காய்ந்துவிடும் என்பதால், தண்ணீர் ஊற்றி மண் அமர்ந்த பிறகு குனிந்து விரலால் தடவிப் பாருங்கள். செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி போதும். பழம் ஈர மண்ணில் பட்டால் சாம்பல் நிறப் பூஞ்சை பிடிக்கும். அடியில் பரப்புவதற்கு, இந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோர் 1860 முதல் பாடுபட்ட கரும்புத் தோட்டங்களின் சோகையே, அதாவது காய்ந்த கரும்பு இலையே, எனக்கு மிகவும் பிடித்தது. பறித்தபின் இப்பழம் மேலும் இனிக்காது என்பதால், காம்படி வரை சிவந்த பின்னரே கிள்ளுங்கள்.