தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டா: சொத்து விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் பத்திரம் எழுதுகிற வேலை எனக்கு. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஏதாவது விசேஷத்துக்கு மலையேறி வந்தால், போகிற போக்கில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து உட்காருவார்கள். "அண்ணா, மூணு நாள் லீவு, அதுக்குள்ள தோட்டத்தை எங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க." கவருக்குள் பழைய பட்டா நகல், தீர்வை ரசீது, மடிப்பில் கிழிந்த ஒரு முத்திரைத்தாள். அவர்கள் அப்பாக்கள் செய்ததையே, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் செய்ததையே, இவர்களும் செய்யக் கிளம்பியிருப்பார்கள்.

சர்வே எண் தப்பாக விழுவது, கையெழுத்து விட்டுப்போவது எல்லாம் எழுத்தர் பார்த்துக்கொள்வார். அதை விட்டுவிடுகிறேன்.

வாய்ப்பேச்சில் பாகம், பட்டாவில் தாத்தா

என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், 2 ஏக்கர் 40 சென்ட் தேயிலை, எல்லாம் ஒரே சர்வே எண். தாத்தா வாங்கிய நிலம், அவர் உயில் எழுதவில்லை. அவர் போன பிறகு மூன்று மகன்களும் தோட்டத்தை ஒரு சுற்று நடந்து பார்த்து, சில்வர் ஓக் வரிசை வரைக்கும் பெரியவருக்கு, அங்கிருந்து ஓடை வரைக்கும் நடுவலவருக்கு, ரோட்டோரம் சின்னவருக்கு என்று பேசி முடித்தார்கள். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவரவர் இலை பறித்து அவரவர் ஃபேக்டரிக்குப் போட்டுக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல்தான் இருந்தார்கள்.

சின்னவர் மகன் ரோட்டோரத்தில் பத்து சென்ட் விற்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வாங்க வந்தவரின் வக்கீல் முதலில் கேட்டது, "தாத்தாவுக்குப் பொண்ணுங்க உண்டா?"

உண்டு, இரண்டு அத்தைகள். தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம் உயில் இல்லாமல் நின்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், மனைவி, உயிரோடிருந்தால் தாயார் எல்லாருக்கும் சம பங்கு. மனைவி முன்பே இறந்துவிட்டதால் இங்கே ஐந்தில் ஒரு பங்குதான் ஒவ்வொருவருக்கும். மூன்றில் ஒன்று என்பது இவர்களாகப் போட்ட கணக்கு. "எங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு நெலம் குடுக்கற வழக்கமில்ல" என்று என்னிடம் சொல்வார்கள். வழக்கத்தை அந்தச் சட்டம் அப்போதே ஓரம் கட்டிவிட்டது. (தோடர், கோத்தர், இருளர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவர்கள் கதை வேறு.)

பூர்வீகச் சொத்தாக இருந்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. 2005 திருத்தம் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது, 20.12.2004க்கு முன் நடந்த பாகப்பிரிவினை செல்லும், ஆனால் அது பதிவான பத்திரமாகவோ கோர்ட் தீர்ப்பாகவோ இருக்க வேண்டும். வாய்மொழிப் பாகம் என்று சொல்லிக்கொண்டு வந்தால், அரசு ஆவணங்களின் துணையோடு மிக அபூர்வமாகத்தான் ஏற்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது.

அந்த முத்திரைத்தாளாவது உதவுமா? ஏற்கெனவே பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காகக் குறித்து வைத்த தாள் என்றால் பதிவு வேண்டாம். "இன்று முதல் இந்த இடம் இன்னாருக்கு" என்று அந்தத் தாளே பிரித்துக் கொடுத்தால் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் பாகம் நடந்ததற்குச் சாட்சியமாகக் கோர்ட் அதை எடுத்துக்கொள்ளாது. என் மேஜைக்கு வருகிற தாள்கள் முக்கால்வாசி "இன்று முதல்" என்றுதான் ஆரம்பிக்கின்றன.

அப்புறம் நடந்தது இழுபறி. தாத்தாவின் பிள்ளைகளில் ஒரே ஒருவர்தான் உயிரோடு இருந்தார். இறந்த ஒவ்வொருவருக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. ஓர் அத்தையின் இறப்பைப் பதியவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. பட்டாவில் தாத்தா பெயருக்குப் பின்னால் கவுடர் இருந்தது, இறப்புச் சான்றில் இல்லை, அதற்கொரு அலைச்சல். கனடாவில் இருந்த பேரன் தனக்காக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரத்தை அங்கிருந்து அனுப்பினான். வெளிநாட்டுப் பவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று யாரும் கவனிக்காமல் அதுவும் வீணானது. இதற்கு நடுவே பெரியவர் வீட்டில் சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றுவிட்டார்கள். எல்லையே அந்த வரிசைதானே! சர்வேயர் வந்து புலப்படத்தை, அதாவது அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை விரித்தால், அதில் நிலத்தைப் பிரித்துக் காட்டும் உட்பிரிவே கிடையாது. கடைசியில் அத்தை மகன் ஒருவன், "எங்கம்மா பங்கு எங்கே?" என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டான். அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று சகோதரர்களும் இரண்டு சகோதரிகளும் உயிரோடு இருந்த காலத்தில் இதை ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் முடித்திருக்கலாம். இப்போதும் குடும்பத்துக்குள் பிரித்துக்கொண்டால் ஒரு பாகத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. "அந்தக் காசுக்கு ஒரு லோடு உரம் எறக்கலாம்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. சரி, இறக்குங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், வாரிசுச் சான்று நான்கையும் எடுத்துக்கொண்டு அக்கா தங்கைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். பங்கு வேண்டுமென்றால் பங்கு. வேண்டாம் என்று அவர்களே மனசோடு சொன்னால், பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காதீர்கள். பத்திரம் பதிந்த கையோடு உட்பிரிவுக்கு மனுக் கொடுத்து, சர்வேயரை வைத்து அளந்து, கல் நடுங்கள்.

வெறுங்கையோடு செட்டில்மென்ட்

உயிரோடிருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்குப் பணம் வாங்காமல் கொடுக்கும் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிந்துவிட்டால், மனசு மாறிவிட்டது என்று நீங்களாக ரத்து செய்ய முடியாது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் ரத்து கேட்க வழி உண்டு. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் கொடுத்தேன் என்று காட்ட வேண்டும். இதில் கோர்ட்டுகள் ஒரு சமயம் கறாராகவும் ஒரு சமயம் தாராளமாகவும் சொல்லியிருக்கின்றன, அதை நம்பி எதற்கு இருக்க வேண்டும்? ஆயுள் உள்ளவரை குடியிருந்து வருமானம் அனுபவிக்கும் உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். "பையன் மனசு கஷ்டப்படுவான்" என்று இதை அடித்து நீக்கச் சொன்ன ஓர் அம்மா இன்றைக்கு மகள் வீட்டில் இருக்கிறார்.

உயிலில் சொத்து பெறுபவரே சாட்சி

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இரண்டு சாட்சிகள் கட்டாயம். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்து சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அவருக்கு எழுதியது செல்லாது. இந்துக்களுக்கு அந்தப் பிரிவு இல்லை, ஆனால் சந்தேகம் வரும். உங்களைவிட வயதில் சின்ன வெளியாளைப் பிடியுங்கள். முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுதுவதென்றால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

"நாமினி போட்டிருக்கேனே"

பேங்க் டெபாசிட்டில் நாமினி என்பவர் வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், நாமினி என்பதாலேயே வாரிசு அல்ல.

வாரிசுச் சான்று

யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். சொத்து யாருடையது என்று சொல்லாது.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு

ஜென்மி என்ற பழைய நிலக்கிழார்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில், குத்தகைத் தோட்டங்களைப் பற்றிய 17ஆம் பிரிவில் மாட்டி, பட்டா இல்லாமல் இருக்கும் நிலத்தை உயிலில் "எனக்குப் பாத்தியப்பட்ட சொத்து" என்று எழுத வேண்டாம். அனுபவத்தில் இருப்பதாக மட்டும் குறிப்பிட்டு, வீட்டு வரி ரசீது, பழைய மனுக்கள், அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து வையுங்கள்.