சர்வாதிகாரி உருவாகும் பாதையைத் தடம்பிடிப்பது எப்படி

வெறுப்பை விதைத்து வளர்ந்த ஒரு தலைவர் சர்வாதிகாரியான வரலாற்றைப் படிக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் அவருடைய மேடைப் பேச்சிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கினால் கூட்டமும் கொடியும் முழக்கமும் கண்ணை மறைத்துவிடும். அவருக்கு யார், எந்த நாளில், எந்தச் சட்டப்பிரிவைக் கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தேடுவதே சரியான வழி. இதைப் பழகிக்கொள்ள 1928 முதல் 1934 வரையிலான ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ ஒவ்வொரு படிக்கும் அங்கே தேதியும் ஆவணமும் இருக்கின்றன.

முதலில் தேர்தல் எண்களை வரிசையாக எழுதிவையுங்கள். 1928 மே மாதத் தேர்தலில் நாஜிக் கட்சி பெற்றது 2.6 விழுக்காடு வாக்குகளும் 12 இடங்களும்தான். 1930 செப்டம்பரில் அது 18.3 விழுக்காடாகவும் 107 இடங்களாகவும், 1932 ஜூலையில் 37.3 விழுக்காடாகவும் 230 இடங்களாகவும் உயர்ந்தது. இடையில் நடந்ததையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்: 1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது, ஜெர்மனியைத் தாங்கிநின்ற கடன்கள் திரும்பப் பெறப்பட்டன, 1932 தொடக்கத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை அறுபது லட்சத்தை எட்டியது. பலர் இத்துடன் நிறுத்திவிட்டு, பசித்த மக்கள் வாக்களித்தார்கள், ஹிட்லர் வந்தார் என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த எண்ணையும் பாருங்கள். 1932 நவம்பர் தேர்தலில் அக்கட்சி சுமார் இருபது லட்சம் வாக்குகளை இழந்து 33.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அது பெரும்பான்மை பெறவில்லை. இறங்கத் தொடங்கிய கட்சியின் தலைவர் மூன்றே மாதங்களுக்குள் ஆட்சிக்கு வந்தது எப்படி என்பதுதான் நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி.

அதற்கு, சட்டங்கள் எங்கே பிறக்கின்றன என்று பாருங்கள். ஒன்றை மட்டுமே சோதிக்க நேரம் இருந்தால் இதையே சோதியுங்கள் என்பேன். 1930 மார்ச்சில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு, வேலையின்மைக் காப்பீட்டுக்கான பங்குத்தொகையை உயர்த்துவதா என்ற தகராறில் கவிழ்ந்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க், அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவு தந்த அவசர அதிகாரத்தால், நாடாளுமன்றப் பெரும்பான்மை இல்லாத சான்சலர்களை, அதாவது அரசின் தலைவர்களை, அமர்த்தி ஆட்சி நடத்தினார். 1932இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் ஐந்துதான். அவசர ஆணைகளோ அறுபதை ஒட்டி வந்தன. ஆக, ஹிட்லர் நாற்காலியில் அமர்வதற்கு முன்பே மக்களாட்சி பாதி உயிரில் இருந்தது. நாடாளுமன்றம் இல்லாமலே ஆளலாம் என்பதற்கு நாடும் பழகிப்போயிருந்தது.

அடுத்து, வன்முறையை அரசும் நீதிமன்றமும் எப்படி எடைபோட்டன என்று கவனியுங்கள். 1923 நவம்பரில் மியூனிக்கில் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஹிட்லருக்குத் தேசத்துரோகக் குற்றத்துக்காக 1924 ஏப்ரலில் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவர் வெளியே வந்துவிட்டார். 1932 ஏப்ரலில் அவருடைய கட்சியின் தெருச்சண்டைப் படையான பழுப்புச் சட்டைப் படை தடை செய்யப்பட்டது. ஜூனில் புதிய சான்சலர் பாப்பன் அத்தடையை நீக்கினார். மறுமாதம் இதே பாப்பன், மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசை அவசர ஆணையால் அகற்றி, அதன் காவல்துறையை மத்திய அரசின் கைக்குக் கொண்டுவந்தார்.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்சலராக்கி ஹிண்டன்பர்க் அமைத்த அமைச்சரவையைப் படிக்கும்போது தலைகளை எண்ணாதீர்கள். காவல்துறை யாரிடம் போனது என்று பாருங்கள். ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் மூவர்தான். மற்ற இடங்கள் பழமைவாதிகளிடம் இருந்தன. அவரைக் கட்டுக்குள் வைத்துவிடலாம் என்று துணைச் சான்சலரான பாப்பன் நம்பினார். ஆனால் அந்த மூவரில் ஃபிரிக்கிடம் நாட்டின் உள்துறையும், கோரிங்கிடம் பிரஷ்யாவின் உள்துறையும் சென்றன. பிப்ரவரியிலேயே கோரிங் பழுப்புச் சட்டைக்காரர்களைத் துணைக் காவலர்களாக்கினார். நேற்றுவரை தெருவில் தடியோடு நின்றவன் இன்று கையில் பட்டை கட்டிய அரசு அதிகாரி.

இனி வரும் இரண்டு நாட்களை மிக அருகில் சென்று பாருங்கள். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே வந்த ஆணை, தனிமனித உரிமை, பத்திரிகை உரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடித இரகசியம் ஆகியவற்றை நிறுத்திவைத்தது. நாஜி ஆட்சி முடியும்வரை அது விலக்கப்படவே இல்லை. மார்ச் 23 அன்று, க்ரோல் இசையரங்கில் கூடிய நாடாளுமன்றத்தின் முன், நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் இயற்ற வழிசெய்யும் அதிகாரமளிப்புச் சட்டம் வைக்கப்பட்டது. அது நிறைவேற மூன்றில் இரு பங்கு உறுப்பினர்கள் அவையில் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆதரிக்கவும் வேண்டும். கம்யூனிஸ்ட் கட்சியின் 81 உறுப்பினர்களும் அவைக்கு வர இயலாதபடி செய்யப்பட்டிருந்தது. சமூக ஜனநாயகக் கட்சியினர் வராமல் இருந்தே சட்டத்தைத் தடுத்துவிடக் கூடாதென்று, அனுமதியின்றி வராதவரையும் வந்தவராகவே கணக்கிடும்படி அவை விதி முன்கூட்டியே திருத்தப்பட்டது. சீருடைப் படையினர் அரங்குக்குள்ளேயே நின்றார்கள். கத்தோலிக்க மையக் கட்சி, வாய்மொழி உறுதிகளை நம்பி ஆதரவாக வாக்களித்தது. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். அவருடைய கட்சியின் 94 பேர் மட்டுமே எதிர்த்து வாக்களித்தனர். ஆதரவு 444. எல்லாம் விதிப்படி நடந்ததாகவே ஏட்டில் பதிவானது. ஆகையால் ஒரு சட்டம் நிறைவேறியது என்ற செய்தியைப் படிக்கும்போது, அதற்கு முன்பு எந்த விதி மாறியது என்பதையும் தேடிப் படியுங்கள்.

அதற்குப் பின் நடந்தவை வேகமானவை. தேதிகளைக் குறித்துக்கொண்டால் போதும். ஏப்ரல் 7 அன்று அரசுப் பணியிலிருந்து யூதர்களையும் எதிர்ப்பாளர்களையும் நீக்கும் சட்டம் வந்தது. மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. ஜூலை 14 முதல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சி இருப்பதே குற்றமாயிற்று. 1934 ஆகஸ்ட் 2 அன்று ஹிண்டன்பர்க் இறந்தார். அன்றே படைவீரர்கள் ஹிட்லரின் பெயர் சொல்லி உறுதிமொழி எடுத்தார்கள்.

கடைசியாக, கதவு திறக்காத நாடுகளையும் இதே முறையில் படித்துப் பாருங்கள். அப்போதுதான் ஜெர்மனியில் நடந்தது தலைவிதி அல்ல என்பது புரியும். பெல்ஜியத்தில் 1937 ஏப்ரலில் நடந்த பிரஸ்ஸல்ஸ் இடைத்தேர்தலில் ரெக்ஸ் என்ற பாசிச இயக்கத்தின் தலைவர் லியோன் டெக்ரெல் போட்டியிட்டபோது, தம்முள் ஆயிரம் பகை கொண்ட கத்தோலிக்க, தாராளவாத, சோஷலிசக் கட்சிகள் பிரதமர் வான் ஜீலாண்டை ஒரே வேட்பாளராக ஆதரித்தன. டெக்ரெலுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. பின்லாந்தில் 1932 பிப்ரவரி இறுதியில் கம்யூனிச எதிர்ப்புத் தீவிர வலதுசாரிகளான லாப்புவா இயக்கத்தினர் மன்ட்சலா என்ற ஊரில் ஆயுதங்களுடன் திரண்டார்கள். குடியரசுத் தலைவர் ஸ்வின்ஹுஃபுட் பழுத்த பழமைவாதி. அவர்களுடைய ஆதரவைப் பெற்றுப் பதவிக்கு வந்தவர். ஆயினும் அவர் வானொலியில் பேசி, அவர்களை வீடு திரும்பச் சொன்னார். கிளர்ச்சி சில நாட்களில் அடங்கியது. மார்ச் மாதத்திலேயே அந்த இயக்கம் தடை செய்யப்பட்டது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்குவதற்காக லாப்புவா இயக்கத்தினரே வற்புறுத்திப் பெற்ற குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் அந்தத் தடை விதிக்கப்பட்டது.