பழைய சூப்பர்வைசரிடம் மணிக்கணக்குக்குக் கையெழுத்து வாங்குவது எப்படி? கலிபோர்னியாவில் எல்.சி.எஸ்.டபிள்யூ. (மனநலச் சிகிச்சை தரும் சமூகப்பணியாளர்) உரிமத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

என் முதல் சூப்பர்வைசர் 2022 அக்டோபரில் வேலையை விட்டுப் போனார். கேக் வெட்டினோம், போட்டோ எடுத்தோம், கட்டிப்பிடித்துக் கண் கலங்கினோம். அவருக்குக் கீழ் நான் வேலை பார்த்த மணி நேரங்களை உறுதிப்படுத்தும் ஃபார்மில் கையெழுத்து மட்டும் வாங்கவில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காகப் பின்னால் நான்கு மாதம் அலைந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்து, ஏ.எஸ்.டபிள்யூ. (உரிமத்துக்கு முந்தைய பயிற்சிக்காலப் பதிவு) எண் வாங்கி, இப்போது உரிமத்துக்கு வேண்டிய அனுபவ மணிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் சிலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பதிவு. எல்.எம்.எஃப்.டி. (திருமண, குடும்பச் சிகிச்சையாளர் உரிமம்) பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மணிகளைப் பிரிக்கும் விதம் மட்டும் வேறு.

முதலில், எதற்குக் கையெழுத்து?

கலிபோர்னியாவில் இந்த உரிமத்தைத் தருவது சாக்ரமெண்டோவில் இருக்கும் போர்டு ஆஃப் பிஹேவியரல் சயின்சஸ். சுருக்கமாக பி.பி.எஸ். உரிமத்துக்கு 3,000 மணி நேர அனுபவம் வேண்டும். குறைந்தது 104 வாரங்களில் அது பரவியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கணக்கில் சேராது. 3,000-இல் குறைந்தது 2,000 மணி மருத்துவச் சமூகப்பணி (மனநலப் பிரச்சினையை மதிப்பிட்டுச் சிகிச்சை தருவது), அதற்குள் 750 மணியாவது நேருக்கு நேர் சிகிச்சை. ஆலோசனைக் கூட்டம், பயிலரங்கு, வாடிக்கையாளருக்காக வாதாடுவது போன்றவற்றுக்கு அதிகபட்சம் 1,000 மணி. குறைந்தது 1,700 மணி எல்.சி.எஸ்.டபிள்யூ. உரிமம் உள்ள சூப்பர்வைசரின் கீழ் சேர்ந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் நீங்கள் சொன்னால் போதாது. ஒவ்வொரு சூப்பர்வைசரும் அனுபவச் சான்றுப் படிவத்தில் தன் பங்குக்கான மணிகளுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் சும்மா இல்லை, பொய் சொன்னால் சட்டப்படி குற்றம் என்ற உறுதிமொழிக்குக் கீழே. இதை மனதில் வையுங்கள். ஒன்றரை வருடம் கழித்து, நினைவில் இல்லாத எண்களுக்கு அவர் சத்தியம் செய்யவேண்டும் என்று கேட்கப் போகிறோம். தயங்கினால் அது அவருடைய கெட்ட குணம் இல்லை.

அலுவலகத்தின் எச்.ஆர். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது. நானும் அங்கேதான் முதலில் போய் நின்றேன், இரண்டு வாரம் வீண்.

படி 1: காலக்கெடுவைப் பாருங்கள்

உங்கள் விண்ணப்பம் போர்டுக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்து பின்னோக்கி ஆறு வருடத்துக்குள் செய்த மணிகள்தான் செல்லும். விண்ணப்பம் 2025 ஜூன் 16 அன்று போய்ச் சேர்ந்தால், 2019 ஜூன் 16-க்கு முந்தைய மணிகள் போச்சு. குழந்தை பிறந்தது, ஊருக்குப் போனது என்று இடைவெளி விட்டவர்களுக்கு இது பெரிய விஷயம். பழைய மணிகள் ஒவ்வொரு வாரமாக உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. எது உதிரப் போகிறதோ அந்தச் சூப்பர்வைசரை முதலில் பிடியுங்கள்.

படி 2: அவரைத் தேடுவதற்கு முன் உங்கள் கணக்கைச் சரிபாருங்கள்

எல்லோரும் அவசரப்பட்டு முதலில் மெசேஜ் அனுப்பிவிடுகிறார்கள். நான் சொல்வது, வாராந்திர லாக் தாள்களை (வாராவாரம் செய்த மணிகளைக் குறித்து, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிய தாள்கள்) மேசையில் பரப்பி ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்காருங்கள். என் கணக்கையே காட்டுகிறேன்.

முதல் சூப்பர்வைசரிடம் நான் இருந்தது 2021 ஆகஸ்ட் 9 முதல் 2022 அக்டோபர் 9 வரை. லாக்கில் 61 வாரம், மொத்தம் 1,706 மணி. அந்த எண்ணைத்தான் ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு ஓட்டைகள் தெரிந்தன.

ஒன்று, சூப்பர்விஷன் நடக்காத வாரங்கள். நீங்கள் மணி சேர்க்கும் ஒவ்வொரு வாரத்திலும், ஒவ்வொரு பணியிடத்திலும், குறைந்தது ஒரு மணி நேரத் தனிச் சந்திப்போ இரண்டு மணி நேரக் குழுச் சந்திப்போ அந்த வாரத்துக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. தேங்க்ஸ்கிவிங் வாரம், கிறிஸ்துமஸ் வாரம், அவருக்குக் கோவிட் வந்த ஒரு வாரம் என்று மூன்று வாரங்களில் எனக்குச் சூப்பர்விஷனே இல்லை. நான் வேலை பார்த்தேன், சம்பளமும் வந்தது. ஆனால் அந்த 38, 40, 31 மணிகள், மொத்தம் 109, உரிமத்துக்கு உதவாது. மீதி 1,597.

இரண்டு, ஒரு பணியிடத்தில் ஒரு வாரத்தில் நேரடி சிகிச்சை மணிகள் பத்தைத் தாண்டினால் அந்த வாரம் இன்னொரு சூப்பர்விஷன் சந்திப்பும் வேண்டும். இரண்டு வாரங்களில் எனக்கு 13, 14 என்று போயிருந்தது, சந்திப்பு ஒன்றுதான். பத்துக்கு மேலே இருந்த 3-யும் 4-யும் அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது 58 வாரம், 1,590 மணி. அதில் மருத்துவப் பணி 1,140, மற்றவை 450.

116 மணியை நானே வெட்டியது வலித்தது, சரி. ஆனால் இதை அவரோ போர்டோ கண்டுபிடித்திருந்தால் மொத்தக் கணக்கின் மேலும் சந்தேகம் விழுந்திருக்கும். லாக் தாள்களை விண்ணப்பத்தோடு அனுப்பத் தேவையில்லை, ஆனால் போர்டு கேட்டால் காட்ட வேண்டும். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

லாக் உங்களுடையது, வேலையை விடும்போது எடுத்துக்கொண்டு வரலாம். அதன் ஓரத்தில் வாடிக்கையாளர் பெயர் எதையாவது கிறுக்கி வைத்திருந்தால், யாருக்கும் அனுப்பும் முன் கவனியுங்கள். மணிக்கணக்கில் அவர்கள் பெயருக்கு வேலையே இல்லை.

படி 3: ஆளைக் கண்டுபிடியுங்கள்

என்னிடம் இருந்தது அவருடைய அலுவலக மின்னஞ்சலும் அலுவலகப் போனும்தான். இரண்டும் அவர் போன அன்றே செத்துவிட்டன. பழைய சக ஊழியர்கள், லிங்க்ட்இன் இரண்டையும் முயன்று பாருங்கள். அதோடு, கலிபோர்னியா நுகர்வோர் விவகாரத் துறையின் உரிமத் தேடல் பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள். உரிம எண்ணும், அது நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். போர்டில் அவர் பதிந்திருக்கும் முகவரி பொதுத் தகவல். அதற்கு ஒரு தபால் போடலாம். அந்த உரிம எண் படிவத்தில் நிரப்பவும் வேண்டியிருக்கும்.

என் சூப்பர்வைசர் ஒரெகான் மாநிலத்துக்குக் குடிபோயிருந்தார். மாநிலம் மாறியதால் பாதகமில்லை. உங்களுக்குச் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் அவருக்குத் தகுதி இருந்ததா என்பதுதான் கேள்வி.

படி 4: பத்து நிமிடத்தில் முடிகிற வேலையாக அனுப்புங்கள்

நான் முதலில் அனுப்பியது: "எப்படி இருக்கிறீர்கள்? உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், என் மணிகளை உறுதிப்படுத்த முடியுமா?" பதில் இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது. அவருக்கு என்ன வேலை, எவ்வளவு நேரம், எந்த எண், எதுவுமே அதில் இல்லை. படிக்கிறவருக்கு மலைப்பாக இருந்திருக்கும்.

இரண்டாவதாக அனுப்பியதற்கு இரண்டு நாளில் பதில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் இப்படி வரும்:

"நீங்கள் எனக்கு 2021 ஆகஸ்ட் 9 முதல் 2022 அக்டோபர் 9 வரை சூப்பர்வைசராக இருந்தீர்கள். செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்குச் சந்திப்போம். நீங்கள் வாராவாரம் கையெழுத்திட்ட லாக் தாள்களின் நகலை இணைத்திருக்கிறேன். அவற்றைக் கூட்டிய ஒரு பக்க அட்டவணையும் இருக்கிறது. சூப்பர்விஷன் நடக்காத மூன்று வாரங்களை நீக்கிவிட்டேன், அவற்றை மஞ்சளில் குறித்திருக்கிறேன். வெற்றுப் படிவமும், எந்தக் கட்டத்தில் எந்த எண் என்று எழுதிய மாதிரிப் படிவமும் இதோடு உள்ளன. ஏதாவது எண் சரியில்லை என்று தோன்றினால் சொல்லுங்கள், போனில் சேர்ந்து பார்ப்போம். 28-ஆம் தேதிக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிதான் அவருக்கு எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தியது என்று பின்னால் சொன்னார். மஞ்சள் குறியைப் பார்த்ததும் நம்பிக்கை வந்ததாம். இந்த அமெரிக்க அலுவலகங்களில் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம், ஆனாலும் கேட்க வேண்டிய இடத்தில் நமக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நாள் குறிக்காமல் எழுதுவோம். நாள் குறியுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது.

படி 5: படிவம் திரும்பி வந்ததும்

ஒரு சூப்பர்வைசருக்கு, ஒரு பணியிடத்துக்கு, ஒரு தனிப் படிவம். அவரே இரண்டு இடத்தில் பார்த்திருந்தால் இரண்டு. தேதிகள், மணிகள், உரிம எண், கையெழுத்து நாள் எல்லாவற்றையும் லாக்கோடு ஒப்பிடுங்கள். திருத்தம் இருந்தால் அதன் பக்கத்தில் சூப்பர்வைசரின் சுருக்கொப்பம் வேண்டும். நீங்களாக வெள்ளை மை பூசி எதையும் மாற்றாதீர்கள், ஒரு இலக்கம்கூட. சம்பளத்துக்கு வேலை பார்த்த வருடங்களுக்கு டபிள்யூ-2 (வேலை கொடுத்தவர் வருடாவருடம் தரும் சம்பளச் சான்று) நகல்களும் கேட்பார்கள், அவற்றையும் இப்போதே தேடி எடுங்கள்.

அவர் மாட்டேன் என்றால்?

இது எனக்கு நடக்கவில்லை, என் தோழி ஒருத்திக்கு நடந்தது. வேலையை விட்ட கோபத்தில் அவளுடைய சூப்பர்வைசர் இழுத்தடித்தார். இங்கே ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். இனி உன் மணிகளுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒரு சூப்பர்வைசர் முடிவு செய்தால், குறைந்தது ஒரு வாரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவிக்காதவர், நீங்கள் நேர்மையாகச் சேர்த்த, முறைப்படி சூப்பர்விஷன் நடந்த மணிகளுக்குக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். கலிபோர்னியா விதிமுறைத் தொகுப்பின் 16-ஆம் தலைப்பில் இது இருக்கிறது. அவள் அந்த வரியை மேற்கோள் காட்டி, சண்டைத் தொனி இல்லாமல், ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். அதற்கு மேல் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் போர்டுக்கே எழுதியிருப்பாள்.

சூப்பர்வைசர் இறந்துவிட்டாலோ, கையெழுத்துப் போட முடியாத உடல்நிலையில் இருந்தாலோ, விண்ணப்பம் போடும் முன்பே போர்டுக்கு எழுதிக் கேளுங்கள். கையெழுத்தான லாக், சூப்பர்விஷன் ஒப்பந்தம், டபிள்யூ-2 எல்லாம் அப்போது கையில் இருக்கட்டும். யார் கையெழுத்தையும் யாரும் போடக் கூடாது. அவர் சம்மதிப்பார் என்று நன்றாகத் தெரிந்திருந்தாலும் கூடாது.

என் இரண்டாவது சூப்பர்வைசர் போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை விடைபெற்றார். வாரம் முழுக்கச் சேர்ந்த மணிகளை மதியமே கூட்டி வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு அவருடைய அறைக்கதவைத் தட்டினேன். கேக் நான்கு மணிக்கு வெட்டினோம்.