வெறுங்குழாயைச் சுற்றும் ஆண் குளவி: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன வாரம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன், பெண் குளவி இருந்த கண்ணாடிக் குழாயை வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, உதறி, அடுத்த ஆண் குளவியை உள்ளே விட்டான். 8 வருடத்துக்கு முன் நான் செய்ததை யாரோ நடித்துக் காட்டியது போல இருந்தது. மூடி போடாமல் விடுவது, சீட்டு ஒட்ட மறப்பது எல்லாம் ஒரே நாளில் உங்களுக்கே புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குழாயைத் தண்ணீரில் கழுவுவது

உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஓலையைத் தின்னும் கருந்தலைப் புழுவுக்கு எதிராக, அதைத் தாக்கும் பிராக்கான் என்ற சிறு குளவியை விடுகிறோம். பெண்ணை மோப்பம் பிடித்த ஆண் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றும். அந்தப் படபடப்பை எண்ணித்தான் எந்தப் பெண்ணை ஆண் ஏற்கிறது என்று 2 மாதம் கணக்கு எழுதினேன். ஒரு மதியம் கரண்ட் போனது. ஆணை மட்டும் குழாயில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால், வெறுங்குழாய்க்குள் அது இறக்கையை அடித்தபடி, நேற்று பெண் நடந்த கண்ணாடியை உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கிறது! நோட்டில் 400 சொச்சம் பதிவுகள். எது பெண்ணுக்கு, எது கண்ணாடிக்கு? மொத்தத்தையும் கிழித்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல்தான்.

வேறு பூச்சிகளைத் தின்று வளரும் பல ஒட்டுண்ணிக் குளவிகளில் பெண்ணின் அடையாளம் அதன் உடம்பின் மேல் படிந்த மெழுகில் இருக்கிறது. எல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளச் சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். செத்த பெண்ணைக்கூட ஆண் கொஞ்சும். அதையே மெழுகைக் கரைக்கும் ஹெக்சேன் திரவத்தில் கழுவி வைத்தால் கல்லைப் போலக் கடந்து போகும். பெண் நடந்த கண்ணாடியில் ஒட்டிய மெழுகு தண்ணீருக்கு அசையுமா? எங்கள் ஊர் உவர்த் தண்ணீர் அதன் மேல் ஒரு வெள்ளைப் படலத்தையும் சேர்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். ஹெக்சேனில் அலசி, ஆவி முழுக்கப் போகும்வரை காற்றில் வையுங்கள். பக்கத்தில் நெருப்பு ஆகாது. கையுறை போடுங்கள், விரலில் இருப்பதும் எண்ணெய்தான். அப்புறம், அவ்வப்போது ஒரு வெறுங்குழாயிலும் ஆணை விட்டுப் பாருங்கள்.

ஆணின் வயதைப் பார்க்காதது

தானிய வண்டுகளைத் தாக்கும் லாரியோஃபேகஸ் குளவியில், அப்போதுதான் வெளிவந்த ஆணின் மேலும் பெண்ணின் வாசனை இருக்கும். மற்ற ஆண்கள் ஏமாந்து அதையும் சுற்றும். ஓரிரு நாளில் அந்த வாசனை போய்விடும்.

எல்லாக் குளவிக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பது

நாசோனியா என்ற குளவியில் கதை தலைகீழ். ஆண்தான் அடிவயிற்றைத் தரையில் தேய்த்து வாசனை பூசும், இன்னும் ஆணோடு சேராத பெண் அதைத் தேடி வரும். சேர்ந்து முடித்த பெண் அந்தப் பக்கமே திரும்பாது.

சேராத பெண்ணைத் தோப்புக்கு அனுப்புவது

முட்டை இடும். பிறப்பதெல்லாம் ஆண். புழுவைத் தாக்குவதோ பெண்தான்.

பக்கத்தில் கருவாடு காயும்போது சோதனை

வேண்டாம்.

அந்தப் பையனைத் திட்டவில்லை. அவன் கழுவிய குழாயிலேயே ஓர் ஆணை விட்டு, கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லையே, இது யாரைப் பாத்து ஆடுது?" என்றான்.