அதிகம் தெரியாத ராப் பாட்டை அடுத்தவங்களுக்கு ரெகமண்ட் பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு செய்முறை

ரெண்டு வருஷம் முன்னாடி என் ஃப்ரெண்டு ஒருத்தன் "மச்சி, நல்ல ஹிப்ஹாப் பாட்டு எதாவது சொல்லு"ன்னு கேட்டான். ஒரு ராத்திரி பூரா உக்காந்து 40 பாட்டு வச்சு ப்ளேலிஸ்ட் போட்டு அனுப்பினேன், ஒரு மாசம் கழிச்சு கேட்டா மூணாவது பாட்டோட நிறுத்திட்டானாம். அவன் மேல தப்பே இல்ல. 40 பாட்ட ஒண்ணா தலைல கொட்டினா யாருக்கும் எங்க காது வைக்கிறதுன்னு தெரியாது. அப்புறம் நான் முறைய மாத்திட்டேன்: ஒரு ஆளுக்கு, ஒரு பாட்டு, ஒரு காரணத்தோட. அதத்தான் இங்க படிப்படியா எழுதுறேன்.

படி 1: அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேளுங்க, ஆனா சரியா கேளுங்க

"உனக்கு யார பிடிக்கும்"னு கேட்டா ஒரு பேரு வரும், அது பத்தாது. "அந்த பாட்டுல எந்த இடத்த திரும்பத் திரும்ப கேப்ப"ன்னு கேளுங்க. சிலர் பீட்ட, அதாவது பின்னாடி ஓடுற இசைய சொல்லுவாங்க, சிலர் ஃப்ளோ, அதாவது வார்த்தைங்க பீட் மேல ஓடுற விதம், அத சொல்லுவாங்க, சிலருக்கு கதை வேணும், சிலருக்கு ராத்திரில தனியா கேக்குற மாதிரி ஒரு மூட் இருந்தா போதும். இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

படி 2: தெரிஞ்ச ஆல்பத்துல இருந்து தெரியாத இடத்துக்கு நடங்க

எனக்கு ரொம்ப பிடிச்ச படி இதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். அவங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ஆல்பத்தோட கிரெடிட்ஸ எடுத்துப் பாருங்க. யாரு பீட் பண்ணா, யாரு கெஸ்ட் வெர்ஸ், அதாவது விருந்தாளியா வந்து ஒரு பகுதி பாடினா, எங்க இருந்து சாம்பிள், அதாவது பழைய பாட்டோட ஒரு துண்டு எடுத்தாங்க, இந்த மூணும் மூணு கதவு.

உதாரணத்துக்கு நாஸ்ங்கிற நியூயார்க் ராப்பரோட 'இல்மேட்டிக்', 1994ல வந்தது, ராப் கேக்குறவங்கள்ல நிறைய பேருக்கு தெரியும். அதுல கெஸ்டா ராப் பண்ணது ஒரே ஒருத்தர்தான், ஏ-ஸீ. அந்த வெர்ஸ் பிடிச்சவங்கள்ல எத்தன பேரு அவரோட சொந்த ஆல்பம் 'டோ ஆர் டை' (1995) கேட்டிருக்காங்க? நான் கேட்டுப் பார்த்த வரைக்கும் ரொம்ப கம்மி. அது முதல் இடம். ரெண்டாவது, அதே ஆல்பத்துல 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பீட் பண்ணது பீட் ராக்ங்கிற தயாரிப்பாளர், அவரும் சி.எல். ஸ்மூத்தும் சேர்ந்து 1992ல 'மெக்கா அண்ட் தி சோல் பிரதர்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க, அதுல செத்துப்போன நண்பன் ட்ராய நினைச்சு ஒரு பாட்டு இருக்கு, ஒரு சாக்ஸஃபோன் சாம்பிள் வந்து மனச அப்படியே பிடிச்சுக்கும், சி.எல். தன்னோட அம்மா, தாத்தா, குடும்பம்னு ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாடிட்டே போவார். பழைய ரசிகர்களுக்கு அது உயிர், புதுசா ராப் பக்கம் வந்தவங்க பல பேருக்கு பேரே தெரியாது. மூணாவது, இல்மேட்டிக்ல பீட் பண்ண இன்னொருத்தர் லார்ஜ் ப்ரொஃபசர், அவரோட குரூப் மெயின் சோர்ஸ், அவங்களோட 1991 ஆல்பம் 'ப்ரேக்கிங் ஆட்டம்ஸ்'லதான் நாஸ் முதல் தடவ ஒரு வெர்ஸ் பாடினார். பாருங்க, ஒரே ஆல்பத்துல இருந்து மூணு இடத்துக்கு போயாச்சு.

கென்ட்ரிக் லமார் பிடிக்கும்னு சொல்றவங்களுக்கும் இதே வழிதான். 2015ல வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'ல ராப்ஸடின்னு ஒருத்தங்க ஒரு வெர்ஸ் பண்ணியிருப்பாங்க, அங்க இருந்து அவங்களோட 'லைலாஸ் விஸ்டம்' (2017). தன் பாட்டி பேர வச்ச ஆல்பம்.

படி 3: மூடுக்கு ஏத்த மாதிரி கைவசம் ஒரு சின்ன பட்டியல் வச்சுக்கோங்க

நோட்ல எழுதி வைங்க, உங்களுக்கு உண்மையாவே பிடிச்சத மட்டும். என்னோடதுல இருந்து கொஞ்சம் சொல்றேன். கதை வேணும்னா மாஸ்டா ஏஸோட 'டிஸ்போசபிள் ஆர்ட்ஸ்' (2001), ஜெயில்ல இருந்து வெளிய வந்த ஒருத்தன் படிக்கப் போறான்னு ஆல்பம் பூரா ஒரே கதை. வேலை, காசு, கனவு இதெல்லாம் சாதாரண மனுஷன் குரல்ல வேணும்னா ப்ளூ அண்ட் எக்ஸைலோட 'பிலோ தி ஹெவன்ஸ்' (2007). பாட்டு ஓடிட்டே இருக்கணும் ஆனா தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு சொல்றவங்களுக்கு ஜப்பான்காரர் நுஜாபெஸோட 'மோடல் சோல்' (2005). மென்மையான, அலட்டிக்காத ஃப்ளோன்னா பஹமாடியாவோட 'கொலாஜ்' (1996).

அப்புறம் 'கா'ன்னு ஒரு ராப்பர். நியூயார்க்ல தீயணைப்பு வீரரா வேலை பாத்துட்டே ராப் பண்ணவர், பீட்டையும் பெரும்பாலும் அவரே பண்ணுவார், டிரம்ஸ் சத்தமே கிட்டத்தட்ட இருக்காது, காதுகிட்ட வந்து பேசுற மாதிரி குரல். 2024ல இறந்துட்டார். 'தி நைட்ஸ் கேம்பிட்' (2013) ஆல்பத்துல செஸ் ஆட்டத்த வச்சு நிறைய எழுதியிருப்பார். இவர எல்லாருக்கும் குடுக்காதீங்க, பார்ட்டில ஆடுற பாட்டு தேடுறவங்களுக்கு இவர குடுத்தா ஒரே நிமிஷத்துல மூடிடுவாங்க, அப்புறம் திரும்பி வரவே மாட்டாங்க. ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு வரி வரியா கேக்குற ஆளுக்கு மட்டும் குடுங்க.

படி 4: ஒரே பாட்டு, கூடவே ரெண்டு வரி

லிங்க மட்டும் தூக்கிப் போடாதீங்க. "செம பாட்டு, கேட்டே ஆகணும்"னு சொல்றதும் வேஸ்ட், அதுல கேக்குறவங்களுக்கு பிடிச்சுக்க ஒரு கொம்பு கூட இல்ல. எதுக்கு காது குடுக்கணும்னு சொல்லுங்க. நான் ஒருத்தருக்கு அனுப்பின மெசேஜ் இது:

"உங்களுக்கு பழைய ஜாஸ் கிட்டார் பிடிக்கும்னு சொன்னீங்கல்ல, முதல்ல ஸ்டான் கெட்ஸ், லூயிஸ் போன்ஃபா வாசிச்ச 'சௌடாடி வெங் கொஹென்டோ' கொஞ்ச நேரம் கேளுங்க. அப்புறம் ஃபார்சைட் குரூப்போட 'ரன்னின்' கேளுங்க. அதுக்கு பீட் பண்ண ஜே டில்லா அந்த கிட்டார எடுத்து எப்படி வேற ஒண்ணா மாத்தியிருக்கார்னு கவனிங்க. பாட்டு, பயந்து ஓடுறத நிறுத்துறது பத்தி."

அவ்வளவுதான். 1963ல வந்த ஒரு பாட்டும் 1995ல வந்த ஒரு பாட்டும் பக்கத்து பக்கத்துல வந்து நிக்குது, சாம்பிள்னா என்னன்னு பாடம் எடுக்காமலே அவருக்கு புரிஞ்சு போச்சு.

படி 5: தேடுனா கிடைக்குதான்னு பாத்துட்டு அனுப்புங்க

'கா', 'ப்ளூ' மாதிரி சின்னப் பேருங்கள தேடினா சம்பந்தமே இல்லாததெல்லாம் வரும், அதனால ஆல்பம் பேரும் வருஷமும் சேர்த்து சொல்லுங்க. சில பழைய ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்ல லேட்டாத்தான் வரும், டி லா சோல் குரூப்போட முதல் ஆல்பம் 1989ல வந்தது, 2023 மார்ச்லதான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துச்சு, சாம்பிள் உரிமைப் பிரச்சினை அவ்வளவு நாள் இழுத்துச்சு. ஆர்ட்டிஸ்டுக்கு பேண்ட்கேம்ப் (ஆர்ட்டிஸ்டுங்க தங்களோட பாட்ட நேரடியா விக்கிற வெப்சைட்) பக்கம் இருந்தா அந்த லிங்க குடுங்க, அங்க ஒருத்தர் ஒரு ஆல்பம் வாங்கினாலே சின்ன ஆர்ட்டிஸ்டுக்கு அது பெரிய விஷயம்.

கெட்ட வார்த்தை, வன்முறை இருக்கிற பாட்டுன்னா முன்னாடியே சொல்லிடுங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு வீட்ல பெரியவங்க முன்னாடி சங்கடப்படக் கூடாது.

படி 6: அனுப்பிட்டு விட்டுடுங்க

"கேட்டியா, கேட்டியா"ன்னு நச்சரிக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவ கேளுங்க. பிடிக்கலன்னு சொன்னா சண்டை போடாதீங்க, "ஏன் பிடிக்கல"ன்னு கேளுங்க, ஏன்னா அந்த பதில்தான் அடுத்த பாட்டு எதுன்னு காட்டும். குரல் பிடிக்கலன்னா வேற குரல், பீட் மந்தமா இருக்குன்னா வேகமானது. "இதெல்லாம் உனக்குப் புரியாது"ங்கிற வார்த்தை மட்டும் வாயில வரவே கூடாது, அந்த ஒரு வார்த்தைல எத்தனையோ பேரு ராப் பக்கமே வராம போயிருக்காங்க, எனக்கு அது உண்மையாவே வலிக்குது.

பிடிச்சிருந்தா உடனே பத்து பாட்டு அனுப்பத் தோணும். பொறுங்க, அதே ஆர்ட்டிஸ்டோட இன்னொரு பாட்டு, அது ஒண்ணு மட்டும். அந்த 40 பாட்டு ஃப்ரெண்டுக்கு போன வருஷம் மறுபடியும் ஆரம்பிச்சேன், பீட் ராக்ல இருந்து, ஒண்ணொண்ணா. இப்போ அவனே கிரெடிட்ஸ் தேடிப் பாத்து எனக்கு பாட்டு அனுப்புறான். அவன் அனுப்புறத அன்னிக்கே முழுசா கேட்டுட்டு, எந்த இடம் பிடிச்சதுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்புறேன்.